பள்ளி நூலகமும் நாவல் வாசிப்பும்

பெங்களூரு நகரின் வடமேற்கே, துமகூரு சாலையை ஒட்டி அமைந்துள்ளது பீன்யா. 1970-களில் சிறுதொழில்களுக்கென உருவாக்கப்பட்ட இத்தொழிற்பேட்டை, இன்று ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. இதற்கு அண்மையில் உள்ள ஜாலஹள்ளியில் 1953-இல் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனமும், 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் தோன்றின. அவற்றின் தேவைகளும், அவை உருவாக்கிய தொழில்திறனும் சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் வளரத் துணைபுரிந்தன. கடைசல் இயந்திரங்கள், வார்ப்புப் பட்டறைகள், முலாம் பூசும் கூடங்கள், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் எனப் பலதரப்பட்ட தொழில்கள் இங்கு நடைபெறுகின்றன. தமிழ்நாடு, ஆந்திரம், வட கர்நாடகம், மற்றும் அண்மைக் காலத்தில் வட இந்திய மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் குடும்பங்கள் இங்கு வந்து சேர்ந்துள்ளன.

இக்குடும்பங்களின் குழந்தைகள் பயிலும் பள்ளிகளில் கல்வியின் சிக்கல் ஒன்று மிகத் தெளிவாகத் தெரிகிறது. வீட்டில் தமிழோ தெலுங்கோ இந்தியோ பேசி, தெருவில் கன்னடம் பழகி, பாடநூலில் ஆங்கிலத்தைச் சந்திக்கும் குழந்தை, மூன்று மொழிகளைச் சரளமாகப் பேசக்கூடும். ஆயினும், அவற்றுள் எந்த ஒரு மொழியிலும் ஒரு முழுப் புத்தகத்தைத் தானே படித்து முடிக்காமலேயே பள்ளியை விட்டு வெளியேறிவிடக்கூடும். பாடநூலின் பகுதிகளைப் படிப்பது வேறு; தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு நூலைப் படிப்பது வேறு. முன்னது தேர்வுக்குப் போதுமானது. பின்னதே வாழ்நாள் முழுவதும் கற்கும் ஆற்றலைத் தருவது. நாளை ஒரு புதிய இயந்திரத்தின் கையேட்டைத் தானே படித்துப் புரிந்துகொள்ளும் தொழிலாளிக்கும், பிறர் சொல்லக் கேட்டே செய்யும் தொழிலாளிக்கும் இடையே உள்ள ஊதிய வேறுபாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது.

2024-ஆம் ஆண்டின் கல்வி நிலை ஆய்வறிக்கையான 'அசர்' தரும் ஒரு விவரம் இங்குக் கருதத்தக்கது. நாட்டின் ஊரகப் பகுதிகளில், அரசுப் பள்ளிகளில் 5-ஆம் வகுப்புப் பயிலும் மாணவர்களுள் 44.8 விழுக்காட்டினரே 2-ஆம் வகுப்புப் பாடநூலின் பத்தியைப் படிக்க வல்லவராயிருந்தனர். இவ்விவரம் ஊரகப் பகுதிகளுக்கு உரியது என்றாலும், பீன்யா போன்ற இடங்களுக்குக் குடிவரும் குடும்பங்களுள் பல அந்த ஊரகப் பகுதிகளிலிருந்தே வருகின்றன என்பதை மறத்தலாகாது.

சட்டமும் நிதியும்

நூலகம் என்பது பள்ளிக்கு ஓர் அலங்காரமன்று. சட்டம் விதித்த கடமை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள்கள், பருவ இதழ்கள், கதைப் புத்தகங்கள் உள்ளிட்ட எல்லாப் பாடங்களுக்குமான நூல்கள் கொண்ட நூலகம் இருத்தல் வேண்டும் என்கிறது. கதைப் புத்தகங்களைச் சட்டம் தனியே பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருப்பது கவனிக்கத்தக்கது. 2018-இல் தொடங்கப்பெற்ற சமக்ர சிக்ஷா திட்டத்தின்கீழ், பள்ளியின் நிலைக்கேற்ப ஆண்டுக்கு ரூ.5,000 முதல் ரூ.20,000 வரை நூலக மானியம் வழங்க வகைசெய்யப்பட்டது.

பொது நூலகங்களைப் பொறுத்தவரை, நாடு விடுதலை பெற்றபின் முதல் நூலகச் சட்டத்தை 1948-இல் இயற்றிய பெருமை சென்னை மாகாணத்துக்கு உரியது. கர்நாடகத்தின் பொது நூலகச் சட்டம் 1965-இல் பிறந்தது. இரு மாநிலங்களிலும் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி தண்டப்படுகிறது. எனவே, பீன்யாவில் ஒரு பட்டறைக்கோ வீட்டுக்கோ சொத்து வரி செலுத்தும் ஒவ்வொருவரும் நூலகத்துக்கும் பொருள் தருகின்றனர். 2020-இல் கர்நாடக அரசின் ஊரக வளர்ச்சித் துறை, 'ஓதுவ பெளகு', அதாவது 'வாசிப்பின் ஒளி' என்னும் இயக்கத்தைத் தொடங்கி, கிராம ஊராட்சி நூலகங்களில் குழந்தைகளைக் கட்டணமின்றி உறுப்பினராகச் சேர்த்தது. தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், சிறு நூல்களை 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' என நான்கு படிநிலைகளாக வகுத்துப் பள்ளிகளுக்கு அளித்தது.

ஆக, சட்டம் உண்டு. நிதியும் ஓரளவு உண்டு. பின் ஏன் பல பள்ளிகளில் நூல்கள் தலைமையாசிரியர் அறையின் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன?

பூட்டுக்குக் காரணம்

இதற்கு ஆசிரியர்களின் அக்கறையின்மையைக் காரணமாகக் கூறுவது எளிது. ஆனால் அது சரியன்று. நூல்கள் இருப்புப் பதிவேட்டில் ஏறியவுடன் அரசுச் சொத்தாகின்றன. ஒரு நூல் காணாமற்போனால், தணிக்கையின்போது பொறுப்பாசிரியர் பதில் கூற வேண்டும். சில இடங்களில் தம் கையிலிருந்து ஈடு செய்யவும் நேரும் என்ற அச்சம் உண்டு. நூலை வழங்காதிருப்பவருக்கு எவ்விதக் கேள்வியும் இல்லை. வழங்குபவருக்கே இடர் உண்டு. இத்தகைய ஏற்பாட்டில் அறிவுள்ள எவரும் பீரோவைப் பூட்டவே செய்வர்.

ஆனால், மைய அரசின் பொது நிதி விதிகள் இவ்வாறு கூறவில்லை என்பதை அலுவலர்கள் நினைவில் கொள்ளுதல் நலம். 2017-ஆம் ஆண்டு விதிகளின் 215-ஆம் விதி, ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட ஒவ்வோர் 1,000 நூல்களுக்கும் 5 நூல்கள் வரை இழப்பு ஏற்படுவதை இயல்பானதாகக் கொள்ளலாம் என்கிறது. அந்த இழப்பு நேர்மைக் குறைவாலோ கவனக் குறைவாலோ நேர்ந்ததாக இருத்தல் கூடாது. ரூ.1,000-க்கு மேல் விலையுள்ள நூலும், எவ்விலையுடையதாயினும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரணை வேண்டும். 20,000 நூல்கள் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழு இருப்புச் சரிபார்ப்பு நடத்தப்பட வேண்டும்.

இவ்விதியின் நுட்பம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. இழப்புக்கான வரம்பு, பீரோவில் உள்ள நூல்களின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடப்படவில்லை. வழங்கப்பட்ட எண்ணிக்கையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 200 மாணவர்கள் உள்ள ஒரு பள்ளியில், ஆண்டுக்கு 30 வாரங்கள், வாரம் ஒரு நூல் வீதம் ஒவ்வொருவருக்கும் வழங்கப்பட்டால், வழங்கல் 6,000 ஆகிறது. அதற்கு 30 நூல்கள் வரை இழப்பு இயல்பானதே. ஒரு நூலையும் வழங்காத பள்ளிக்கு இவ்விதியின்படி இழப்புக்கு இடமே இல்லை. மிகுதியாக வழங்குபவருக்கே விதி மிகுதியான பாதுகாப்பை அளிக்கிறது.

மைய அரசின் விதிகள் மாநிலப் பள்ளிகளை நேரடியாகக் கட்டுப்படுத்துவன அல்ல. மாநிலங்களுக்குத் தத்தம் நிதி விதிகள் உண்டு. எனினும், இதே நெறியை மாநிலக் கல்வித் துறைகள் ஒரு சுற்றறிக்கை வாயிலாகத் தெளிவுபடுத்தினால், கூடுதல் செலவு ஏதுமின்றி ஆயிரக்கணக்கான பீரோக்கள் திறக்கும். இதற்கு இன்றியமையாத ஒரே நிபந்தனை, வழங்கல் பதிவேடு ஒழுங்காக எழுதப்படுதல். அப்பதிவேடே ஆசிரியருக்குக் காப்பு.

அரங்கநாதனின் ஐந்து விதிகள்

பெங்களூருக்கும் நூலக இயலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணித ஆசிரியராகத் தொடங்கி, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீ. இரா. அரங்கநாதன், தம் இறுதி ஆண்டுகளைப் பெங்களூரில் கழித்தார். 1962-இல் அங்கு ஆவணமாக்க ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் அவரால் தொடங்கப்பெற்றது. 1972-இல் அந்நகரிலேயே அவர் மறைந்தார். இலண்டனில் ஒரு கடையில் 'மெக்கானோ' என்னும் விளையாட்டுப் பொறித் தொகுப்பின் சில பட்டைகளையும் திருகுகளையும் கொண்டு பல பொம்மைகளை அமைத்துக் காட்டியதைக் கண்டே, சில கூறுகளைச் சேர்த்து எந்தப் பொருளையும் குறிக்கலாம் என்ற கோலன் பகுப்பு முறையின் கருத்து அவருக்குத் தோன்றியது. அம்முறை 1933-இல் நூலாக வெளிவந்தது. திருகையும் மரையையும் அன்றாடம் காணும் பீன்யாக் குழந்தைகளுக்கு இதைவிடப் பொருத்தமான நூலக வரலாறு வேறில்லை.

1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் உலகெங்கும் அறியப்பட்டவை. நூல்கள் பயன்பாட்டுக்கே; ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்; ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்; வாசகரின் நேரத்தைச் சேமித்தல்; நூலகம் வளரும் ஓர் உயிரி. அதே 1931-இல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு செல்லும் நடமாடும் நூலகம் தொடங்கியது.

முதல் விதி பூட்டிய பீரோவை மறுக்கிறது. இரண்டாம் விதி, தமிழ்க் குழந்தைக்குத் தமிழ் நூலும், தெலுங்குக் குழந்தைக்குத் தெலுங்கு நூலும் வேண்டும் என்கிறது. மும்மொழி நூல்களை வாங்கச் சிறு பள்ளியின் மானியம் போதாதே என்று ஐயுறலாம். பெங்களூரில் 2004-இல் தொடங்கப்பெற்ற பிரதம் புக்ஸ் நிறுவனம், 2015-இல் ஸ்டோரிவீவர் என்ற திறந்த கதைத் தளத்தை உருவாக்கியது. அதில் ஒரே கதை பல இந்திய மொழிகளில் கிடைக்கிறது. திறந்த உரிமத்தின் கீழ் இருப்பதால் பள்ளிகள் அச்சிட்டுக்கொள்ளவும் தடையில்லை. ஒரே கதையின் கன்னட வடிவையும் தமிழ் வடிவையும் அருகருகே வைத்துப் படிக்கும் குழந்தை, தான் அறிந்த மொழியைப் படிக்கட்டாகக் கொண்டு அறியாத மொழிக்கு ஏறுகிறது.

கற்பிக்கத்தக்க திறன்கள்

நூலகத்தைப் பயன்படுத்துதல் தானாக வந்துவிடும் பழக்கமன்று. கடைசல் வேலையைப் போலக் கற்றுக்கொள்ள வேண்டிய திறன். 5-ஆம் வகுப்பு முதல் 8-ஆம் வகுப்பு வரை கீழ்க்காணும் வரிசையில் அதனைப் பயிற்றலாம்.

முதலாவது, நூலின் உறுப்புகளை அறிதல். அட்டை, தலைப்புப் பக்கம், ஆசிரியர், பதிப்பாண்டு, பொருளடக்கம், இறுதியில் உள்ள சொல்லடைவு ஆகியவற்றை மாணவர் இனங்காண வேண்டும். பொருளடக்கம் நூலின் வரிசையைக் காட்டுகிறது. சொல்லடைவு ஒரு செய்தி எப்பக்கத்தில் உள்ளது என்பதைக் காட்டுகிறது. இவ்விரண்டின் வேறுபாட்டை அறிந்த மாணவர், ஒரு விவரத்துக்காக நூல் முழுவதையும் புரட்ட மாட்டார். நான்காம் விதியின் பயன் இதுவே.

இரண்டாவது, அகர வரிசை. தமிழ், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மூன்றின் எழுத்து வரிசையும் வேறுவேறானவை. தமிழ் அகராதியில் 'க' வரிசைக்குப் பின் 'ச' வருகிறது. கன்னட அகராதியில் இடையே வர்க்க எழுத்துகள் வருகின்றன. பல மொழிகள் பழகும் குழந்தை இதில் குழம்புவது இயல்பு. எனவே, ஒவ்வொரு மொழி அகராதியிலும் பத்துச் சொற்களைத் தேடும் பயிற்சி வாரந்தோறும் நடைபெற வேண்டும்.

மூன்றாவது, பகுப்பு எண்ணைக் கொண்டு நூலைக் கண்டெடுத்தல். 1876-இல் மெல்வில் தூயி வகுத்த பதின்மப் பகுப்பில் 500 அறிவியலையும், 600 தொழில்நுட்பத்தையும், 800 இலக்கியத்தையும், 900 வரலாற்றையும் புவியியலையும் குறிக்கின்றன. தமிழ் இலக்கியம் 894.811, கன்னட இலக்கியம் 894.814. இவ்விரு எண்களும் அருகருகே அமைந்திருப்பது, ஒரே மொழிக் குடும்பத்தின் உறவைச் சொல்லாமலே சொல்லும். சிறு வகுப்புகளுக்கு எண்களுக்குப் பதிலாக நிறப் பட்டைகள் போதும்.

நான்காவது, நோக்கு நூல்களைக் கையாளுதல். பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை வெளியிட்ட 10 தொகுதிக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நோக்கு நூல் வெளிவந்த ஆண்டைப் பார்த்து, அதிலுள்ள செய்தி இன்றும் பொருந்துமா என வினவவும் மாணவர் பழக வேண்டும்.

ஒரு நாவல், ஏழு வாரங்கள்

திறன்களை மட்டும் தனியே கற்பித்தால் அவை வறட்டுப் பயிற்சியாகிவிடும். ஒரு கதையைப் பின்தொடரும்போது எழும் ஐயங்களே மாணவரை அலமாரியிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இதற்கு ஆர். கே. நாராயண் எழுதிய 'சுவாமியும் சிநேகிதர்களும்' தக்க நூல். 1930-ஆம் ஆண்டு விஜயதசமி நாளில் பெங்களூரில் தொடங்கி எழுதப்பட்டு, 1935-இல் இலண்டனில் வெளிவந்த நாவல் இது. வீட்டில் தமிழ் பேசி, மைசூரில் வாழ்ந்து, ஆங்கிலத்தில் எழுதியவர் இதன் ஆசிரியர் என்பதும் பன்மொழிக் குழந்தைகளுக்கு ஊக்கமளிக்கும் செய்தி.

நாவலில் 19 அத்தியாயங்கள் உள்ளன. வாரத்துக்கு 3 அத்தியாயங்கள் வீதம் 6 வாரங்களும், இறுதி அத்தியாயத்துக்கு 7-ஆவது வாரமும் ஒதுக்கலாம். ஆங்கிலத்தில் சரளம் இல்லாத வகுப்பில் ஆசிரியர் உரக்கப் படித்து, வகுப்பின் மொழியில் விளக்கலாம். ஒவ்வொரு பகுதியிலும் நூலகத் தேடலுக்கான ஒரு வினா எழும்.

கதைத்தலைவன் சுவாமிநாதன் ஒரு கணக்கோடு போராடுகிறான். மாம்பழங்களின் விலை அணாவில் கூறப்பட்டுள்ளது. அவனோ பழம் பழுத்ததா, காயா என்று எண்ணத் தொடங்கிவிடுகிறான். அணா என்பது என்ன? ஒரு ரூபாய்க்கு 16 அணா என்பதையும், 1957 ஏப்ரல் 1 முதல் பதின்ம நாணய முறை வந்ததையும் மாணவர் தேடிக் கண்டறியட்டும். பழத்தின் தரத்துக்கும் விலைக்கும் தொடர்புண்டு என்று எண்ணிய சுவாமியின் ஐயம் பொருளியலின்படி நியாயமானதே என்பதையும் ஆசிரியர் சுட்டலாம்.

1930-இல் மாணவர்கள் பள்ளியைப் புறக்கணித்த அத்தியாயம், சட்ட மறுப்பு இயக்கத்தின் வரலாற்றைத் தேடத் தூண்டும். மால்குடி எங்குள்ளது என்ற வினாவுக்கு மாணவர் நிலப்பட நூலை நாடுவர். அங்கு அவ்வூர் இராது. 'தேடினேன், இல்லை' என்பதும் ஒரு விடையே என்று அவர்கள் அப்போது கற்கின்றனர். கற்பனை நூலையும் உண்மை நூலையும் வெவ்வேறு அலமாரிகளில் வைப்பதன் காரணமும் விளங்கும். நாவலாசிரியரின் கதைகளைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது படமாக்கப்பட்ட சிவமொக்கா மாவட்டத்தின் அரசாளு இரயில் நிலையம், 2020-இல் மால்குடி அருங்காட்சியகமாக்கப்பட்டது. கற்பனை ஊர் ஒன்று நிலப்படத்துக்குள் நுழைந்த கதை இது.

தலைமையாசிரியரின் பிரம்பைப் பிடுங்கிச் சன்னல் வழியே எறிந்துவிட்டுச் சுவாமி ஓடும் பகுதி, வகுப்பில் தவறாமல் விவாதிக்கப்பட வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்துள்ளது. பள்ளியை விட்டு ஓடிய சிறுவன் காட்டில் வழி தவறியதை வாசிக்கும் மாணவர், பள்ளியை விட்டு நின்ற தம் நண்பர்களைப் பற்றியும் பேசத் தொடங்குவர். அப்பேச்சுக்கு இடமளிப்பது ஆசிரியரின் பொறுப்பு.

இறுதி அத்தியாயத்தில், ஊரை விட்டுச் செல்லும் இராஜத்துக்குச் சுவாமி அளிக்கும் பிரிவுப் பரிசு ஒரு புத்தகம்: ஆண்டர்சனின் தேவதைக் கதைகள். பெற்றோரின் வேலை மாற்றத்தால் நண்பர்களைப் பிரிவது பீன்யாக் குழந்தைகளுக்குப் பழகிய துயரம். இவ்வத்தியாயத்தை அவர்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

செலவும் பயனும்

20 படிகள், படிக்கு ரூ.150 எனக் கொண்டால், செலவு ரூ.3,000. இருவருக்கு ஒரு படி வீதம் 40 மாணவர் கொண்ட ஒரு பிரிவு வாசிக்கலாம். ஆண்டுக்கு இரு பிரிவுகள், ஐந்து ஆண்டுகள் என்றால், 400 மாணவர் இந்நாவலைப் படித்திருப்பர். ஒரு மாணவருக்கு ஆகும் செலவு ரூ.7.50. தேய்மானம் மிகக் குறைந்த முதலீடு இது. ஆனால் பீரோவுக்குள் இருந்தால் அதே ரூ.3,000-க்கு ஈட்டம் ஏதுமில்லை.

நடுவாண்டில் ஊர் திரும்பும் குடும்பங்களால் நூல்கள் திரும்பாமற்போவது உண்மையான இடர்ப்பாடே. மாற்றுச் சான்றிதழ் கோரி வருகையில், வழங்கல் பதிவேட்டைப் பார்த்து நூலைக் கேட்டுப் பெறலாம். ஆயின் நூல் வரவில்லை என்பதற்காகச் சான்றிதழை நிறுத்தி வைத்தல் தகாது. பொங்கல், உகாதி விடுமுறைக்கு முன் நூல்களைத் திரும்பப் பெற்று, விடுமுறைக்குப் பின் மீண்டும் வழங்குவதும் பயன் தரும். அவ்வாறு செய்தும் தொலையும் சில நூல்கள், எங்கோ ஒரு சிற்றூரில் வேறொரு குழந்தையின் கையில் இருக்கக்கூடும்.

கட்டடமோ, பெரும் நிதியோ இன்றியே இப்பணியைத் தொடங்கலாம். வாரத்தில் இரண்டு பாடவேளை, ஒரு வழங்கல் பதிவேடு, தொலைந்த நூலுக்கு ஆசிரியரைத் தண்டிக்காத ஒரு சுற்றறிக்கை ஆகியவை போதும். கல்வித் துறை அலுவலர்கள் பள்ளிகளைப் பார்வையிடும்போது, நூலகத்தில் எத்தனை நூல்கள் உள்ளன என்று கேட்பதோடு நில்லாமல், சென்ற மாதம் எத்தனை நூல்கள் வெளியே சென்றன என்றும் கேட்க வேண்டும். அவ்வினாவை ஒவ்வொரு பார்வையிலும் கேட்கத் தொடங்கினால், பீரோவின் திறவுகோல் தலைமையாசிரியரின் மேசையிலிருந்து மாணவர் தலைவனின் கைக்கு வந்துவிடும்.